ஜீப்பில் ஒரு காற்று டாங்கி

என் மனைவிக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் சேற்றில் வண்டி ஓட்டும் ஆசை வந்தது. சிலருக்கு அந்த வயதில் யோகா வரும், சிலருக்குக் கோயில் கோயிலாகச் சுற்றும் ஆசை வரும். இவளுக்கு ஜீப் வந்தது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை. வாரம் முழுக்க சப்ளையர்களோடு மல்லுக்கட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமை பாறைகளோடு மல்லுக்கட்டட்டும் என்று நான் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்வதெல்லாம் என் பெருமைக்காகத்தான். அவள் என்னிடம் அனுமதி எதுவும் கேட்கவில்லை. மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக் காம்பவுண்டுக்குள் ஒரு சனிக்கிழமை காலை பழைய பச்சை ஜீப் ஒன்று வந்து நின்றது, அவ்வளவுதான்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கேள்வி கேட்கத் தெரியும். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். தீ எங்கே பிடித்தது, முதலில் பார்த்தது யார், அப்போது நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால்கூட எப்படிக் கூடியது என்று விசாரிக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. விசாரணைக் கமிஷன் என்றுதான் அவள் என்னைத் தோழிகளிடம் சொல்வாள்.

ஜீப் விஷயத்தில் கமிஷனுக்கு நிறைய வேலை இருந்தது. அவளுடைய குழுவில் ஆறு வண்டிகள். செம்பூரில் இருக்கும் ஒரு பஞ்சாபிக்காரர் தலைவர் மாதிரி. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எஞ்சின் அறையில் பேசிப் பழகிய குரல். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊருக்கு வெளியே கர்ஜத் தாண்டிப் போவார்கள். முதல்முறை நானும் போனபோது, ஆற்று மணலில் இறங்கும் முன் எல்லோரும் வண்டியை நிறுத்திக் குனிந்து உட்கார்ந்து டயரிலிருந்து காற்றைப் பிடுங்கி விட்டார்கள். எனக்குத் திக்கென்றது. டயரில் காற்றுக் குறைந்தால் வண்டி நிற்கும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இங்கே காற்றைக் குறைத்தால்தான் வண்டி நகருமாம். டயர் தளர்ந்து தரையில் அகலமாகப் படியும். புதையாமல் மணல்மேல் ஏறிப் போகும். விறைப்பாக நின்றால் குழி தோண்டிக்கொண்டு தானே உள்ளே போய்விடும்.

சரி, திரும்பி வரும்போது? அதுதான் பிரச்சினை. தளர்ந்த டயரோடு தார் ரோட்டில் ஓட்ட முடியாது. மறுபடி காற்றடிக்க வேண்டும். மற்றவர்கள் ஷூ பெட்டி அளவில் சின்னச் சின்னப் பம்புகள் வைத்திருந்தார்கள். ஒரு டயருக்குப் பத்து நிமிஷம் முனகும். என் மனைவியிடம் அதுவும் இல்லை. எல்லோரும் முடித்த பிறகு யாராவது பம்பைக் கொடுப்பார்கள். "மேடம், லாஸ்ட்ல நீங்க" என்பார்கள். ஒவ்வொரு வாரமும் கடைசியில் காத்திருந்து காத்திருந்து அவளுக்கு அலுத்துவிட்டது.

"காத்துக்குக்கூட ஒருத்தர்கிட்ட கையேந்தணுமா? வண்டியிலயே கம்ப்ரஸர் வெச்சுடறேன். டாங்கியோட" என்றாள்.

"டாங்கி என்னத்துக்கு?"

"வந்தாச்சு கமிஷன்" என்றாள். பிறகு விளக்கினாள். கம்ப்ரஸர் மெதுவாகத்தான் காற்றை அழுத்தும். ஓடும்போதே அழுத்திச் சேர்த்து ஒரு டாங்கியில் வைத்துக்கொண்டால், வேண்டும்போது குழாயைச் செருகிய உடனே பாய்ந்து வரும். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற மாதிரி. மும்பையில் தண்ணீர் வரும் நேரம் தெரிந்தவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது, எனக்குத்தான் தாராவிக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். சில வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு தோல் பட்டறையில் தீப்பிடித்த க்ளெய்முக்காகப் போயிருந்தேன். காற்றழுத்தத்தில் இயங்கும் பிரெஸ் இயந்திரங்களுக்குக் குழாய் போட்டவர் அவர். குழாயால் தீப்பிடிக்கவில்லை என்பதை ஒரு மணி நேரம் ஒவ்வொரு இணைப்பாகக் காட்டி நிரூபித்தார். அவ்வளவு பொறுமையாக என் கேள்விகளுக்குப் பதில் சொன்ன மனிதர் வேறு யாரும் இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அத்தா காலத்தில் திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் தாராவிதான்.

தலைவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. நவி மும்பையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடையைச் சொன்னார். என் மனைவி கேட்கவில்லை. கடைசியில் அவர் பெரிய மனசோடு ஒரு வார்த்தை சொன்னார்: எங்கள் ஐந்து வண்டிக்கும் இது வேண்டும்தான், உங்களுடையது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாக்குப்பிடித்தால் எல்லோரும் உங்கள் ஆளிடமே வருகிறோம்.

இதைத் தாராவியில் போய்ச் சொன்னதும் நான்தான். சும்மா இருந்திருக்கலாம். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அஞ்சு வண்டியா சார்?"

"அஞ்சு."

அவர் சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், சுற்றிவளைக்காமல். "பாத்தியள்லா, இந்தச் சந்துல பதினாலு பட்டறைக்கு நான் காத்து லைன் போட்டிருந்தேன். இப்ப நாலுதான் ஓடுது. மத்தவன்லாம் பிவண்டி, வசாய்னு வெளிய போயிட்டான். மச்சான் ஐரோலில ஒரு கம்பெனில இருக்காரு, மெயின்டனன்ஸ் வேலைக்கு வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. மழை வரைக்கும் பாக்கேன்னு சொல்லியிருக்கேன். வண்டி வேலை பிடிச்சிட்டம்னா கடைய மூட வேண்டாம். நம்ம இடம், நம்ம கை. பெறவு எதுக்கு சார் இன்னொருத்தன்கிட்ட போயி கார்டு தேச்சு நிக்கணும்?"

அப்படியாக, ஒரு மனிதரின் கடை எங்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அது அப்போது பெரிய சுமையாகத் தெரியவில்லை. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

வேலை இரண்டு சனிக்கிழமைகள் நடந்தது. தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குள் ஜீப் நுழையாது; சந்து முனையில் நிறுத்தினோம். பெயின்ட் வாளியில் ஸ்பேனர்களைப் போட்டுக்கொண்டு கடையே வண்டியிடம் வந்தது. மனைவி ஜீப்புக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவளுக்குச் சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு ஏன் என்று தெரிய வேண்டும்.

குர்லா மார்க்கெட்டிலிருந்து புது டாங்கி வாங்கி வந்திருந்தார். ஒன்பது லிட்டர், பெரிய சுரைக்காய் அளவு. புதுசுதானே, மாட்டிவிட வேண்டியதுதானே என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. டாங்கிக்குள் குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினார். ஒரு கைப்பம்பை மாட்டி, முக்கி முக்கி அழுத்தினார். அழுத்தமானியின் முள் நூற்றைத் தாண்டியது, நூற்றைம்பதைத் தாண்டியது. டாங்கி ஓடப்போவது அதிகபட்சம் நூற்றுச் சொச்சத்தில். இவர் இருநூறில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

காற்று டாங்கிக்குள் எதற்குத் தண்ணீர் என்பது என்னைக் குடைந்தது. திரும்பி வந்ததும் கேட்டேன்.

"தண்ணி சுருங்காது சார். டாங்கில எங்கயாவது விட்டுச்சுன்னா, ஒரு சொட்டு வரும், முள் கீழ வந்துரும், அவ்வளவுதான். காத்த அழுத்தி வச்சிருந்தோம்னா அது உள்ள சுருண்டு கிடக்கும். விட்டுச்சுன்னா டாங்கி நம்மள எடுத்துரும். ஆளு நிக்க மாட்டான்."

நான் நகர்ந்து இரண்டடி பின்னால் நின்றேன். "இப்ப தண்ணிதான சார்" என்று சிரித்தார். அன்று முழுக்க அந்த விஷயத்தை மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாம் எந்நேரமும் மூச்சில் இழுத்துவிடும் அதே காற்று, கொஞ்சம் நெருக்கி வைத்தால் ஆளைத் தூக்கி அடிக்குமாம். எத்தனையோ விபத்து அறிக்கைகள் படித்தவன். எனக்கு இந்த எளிய விஷயம் தெரிந்திருக்கவில்லை.

முள் அசையாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் தண்ணீரைக் கொட்டினார். டாங்கிக்கு இரும்புக் கால் வைத்து வெல்டிங் அடிக்க மாட்டேன் என்றார். சூடு பட்ட இடம் பலவீனம். இரும்புப் பட்டை இரண்டு வளைத்து, உள்ளே பழைய டியூப் ரப்பரை வைத்து, ஜீப்பின் பின்பக்கம் தரைக்கு அடியில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். டாங்கியின் அடியில் ஒரு சின்னத் திருகு. அது எதற்கு? "மும்பைக் காத்துல பாதி தண்ணி சார். அழுத்தினா தண்ணி தனியா வந்துரும். வாரத்துக்கு ஒருக்கா தெறந்து விடணும், இல்லேன்னா உள்ளேயே துருப்பிடிச்சிரும்." பிறகு ஒருநாள் அதைத் திறந்தபோது நிஜமாகவே ஒரு கரண்டி அளவு தண்ணீர் வந்தது. மோந்துகூடப் பார்த்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை கம்ப்ரஸர். அதை பானெட்டுக்கு அடியில் பேட்டரி பக்கத்தில் நிற்க வைத்தார். சைலன்சரைத் தொடாமல் குழாயைச் சுற்றிவளைத்துப் பின்னால் கொண்டுபோனார். அழுத்தம் ஏறியதும் தானே நின்று, இறங்கியதும் தானே ஓட ஒரு ஸ்விட்ச். எல்லாம் தவறினால் காற்றை வெளியே விட ஒரு வால்வு. கடைசியாகத் தாடி மழிக்கும் பிரஷ்ஷில் சோப்பு நுரை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் பூசினார். ஒரு இடத்தில் மிளகு அளவு குமிழி ஒன்று வந்தது. எனக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை. அவர் அதைக் கழற்றி, வெள்ளை டேப்பை உரித்தெடுத்து, புதிதாகச் சுற்றி, மறுபடி பூசி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குமிழி வரவில்லை. டாங்கி நிறைந்து கம்ப்ரஸர் தானே நின்றது. என் மனைவி கைதட்டினாள். அப்போது அவளுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே ரோட்டின் அந்தப் பக்கம் போனாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். புதுசாக எது வந்தாலும், மிக்ஸியோ வாஷிங் மெஷினோ எதுவானாலும், பொட்டு வைக்காமல் ஓட்ட மாட்டோம். எனக்கு அதில் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. வைக்காவிட்டால் ஏதோ குறை மாதிரி இருக்கும். வீட்டிலிருந்தே சின்ன டப்பாவில் சந்தனம் குழைத்து, குங்குமமும் எடுத்து வந்திருந்தேன். எங்கே வைப்பது என்று தேடினேன். பொட்டுக்கு ஒரு முகம் வேண்டாமா? கம்ப்ரஸரின் முன்னால் வட்டமாக ஒரு கறுப்பு மூடி இருந்தது. மெல்லிய கோடு கோடாக வெட்டு. பார்த்தால் முகம் மாதிரியே இருந்தது. தாராளமாகவே அப்பினேன். நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது.

அவர் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். "சார்" என்றார். நான் திரும்பினேன். "டீ சொல்லட்டா?" என்றார். சொல்லுங்கள் என்றேன்.

மறுநாள் ஆற்றுப்படுகையில் எல்லாம் நன்றாகவே தொடங்கியது. மதியம் ஒரு மணிக்கு ஆறு வண்டிகளும் மணலைவிட்டு மேலே ஏறி மரத்தடியில் நின்றன. தலைவர் தன் வண்டியை எங்கள் ஜீப் பக்கத்தில் கொண்டுவந்து, பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி குழாயைச் செருகினாள். காற்று புஸ்ஸென்று பாய்ந்து, டயர் கண்ணெதிரே எழுந்தது. நாலு டயரும் சின்னப் பம்பு ஒரு டயரை முடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டன. தலைவர் புருவத்தை உயர்த்தி "க்யா பாத் ஹை" என்றார், பிரமாதம் என்று. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தாராவிக்காரருக்கு அப்போதே போன் செய்து சொல்ல வேண்டும் போல் இருந்தது.

இரண்டாவது வண்டியும் முடிந்தது. மூன்றாவது வண்டியில் முள் இறங்கிக்கொண்டே வந்தது. கம்ப்ரஸர் சத்தம் மாறியது. ஜலதோஷம் பிடித்தவன் மூச்சு விடுவது போல் இழுத்து இழுத்து ஓடிவிட்டு நின்றுபோனது. மனைவி ஃப்யூஸைப் பார்த்தாள், சரியாக இருந்தது. வயரைப் பார்த்தாள், சரியாக இருந்தது. கம்ப்ரஸரைத் தொட்டவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அடுப்புச் சூடு.

"தாராவி கா மால் ஹை, பாய்" என்றார் தலைவர். தாராவி சரக்கு இவ்வளவு ஓடியதே பெரிசு என்ற அர்த்தத்தில். நான்கு பேர் சிரித்தார்கள். அவரவர் சின்னப் பம்பை எடுக்கப் போனார்கள்.

மனைவி தாராவிக்காரருக்குப் போன் போட்டாள். முதல் மணி முழுசாக அடிக்கும் முன்பே எடுத்தார். சூடாகி நின்றுவிட்டது என்று அவள் சொல்லி முடிக்கவில்லை. "மேடம், ஃபில்டரக் கழட்டிப் பாருங்க. முன்னால வட்டமா மூடி இருக்கும்லா, அது வழியாத்தான் காத்த இழுக்கும். அதுல தூசி அடைச்சிருக்கும். உள்ள ஸ்பாஞ்ச் இருக்கும், கழுவிப் பிழிஞ்சு மாட்டுங்க. அரை மணி நேரம் ஆற விடுங்க. மெஷினுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

அவள் மூடியைத் திருகி எடுத்தாள். வெட்டுகள் எல்லாம் சந்தனத்தால் அடைத்துக் காய்ந்து, சுவருக்குப் பூசின மாதிரி இருந்தது. உள்ளே ஸ்பாஞ்ச் இளஞ்சிவப்பு. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நேற்றே டாங்கி நிறைந்திருந்ததால் முதலில் காற்று போனது; அதன்பின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறது அந்த மெஷின். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. முப்பது வருஷ க்ளெய்ம் அனுபவம் எதற்காவது உதவ வேண்டுமே.

"க்யா ஹுவா?" என்று தலைவர் தூரத்திலிருந்து கேட்டார். என்ன ஆச்சு என்று.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். நான்தான் பொட்டு வைத்து அடைத்துவிட்டேன். இந்தியில் சொன்னால் இன்னும் சின்ன வாக்கியம். நான் சொல்லவில்லை. ஐந்து வண்டிக்காரர்களும் வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்பது முதலில் தோன்றியது. கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை என்பது அடுத்து. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த எத்தனையோ பேர் இப்படித்தான் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையெல்லாம் நான் எப்படிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொல்லவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன.

மனைவிதான் பதில் சொன்னாள். ஃபில்டர் அடைத்துக்கொண்டது, ஃபிட்டர் மேல் தப்பில்லை என்றாள். தலைவர் தலையாட்டினார். நல்ல கடையாக இருந்தால் அடைத்துக்கொள்ளாத இடமாகப் பார்த்து ஃபில்டரை வைத்திருப்பார்கள் என்றார், நயமாகவே. ஸ்பாஞ்சைக் கழுவி மாட்டி, கம்ப்ரஸர் ஆறி மறுபடி ஓடத் தொடங்கியபோது, மற்ற வண்டிகள் சின்னப் பம்பில் காற்றடித்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தன. எங்கள் ஜீப்பின் நாலு டயரும் சொடுக்குப் போடும் நேரத்தில் நிறைந்தன. அதைப் பார்க்க ஒருவரும் இல்லை.

திரும்பும் வழியில் பன்வேல் தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நீ சொல்லியிருக்கலாமே" என்றேன். அபத்தம்தான், ஆனால் அப்படித்தான் கேட்டேன்.

"நான் என்னத்துக்குச் சொல்லணும்? சொல்ல வேண்டியது நீங்களாக்கும்" என்றாள்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தாராவிக்குப் போக வேண்டும் என்று காலையில் நினைப்பேன், சாயங்காலம் ஏதாவது காரணம் கிடைக்கும். வியாழக்கிழமைதான் போனேன். அவர் ஏதோ ஒரு பிரெஸ் வால்வைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டைப் பற்றியும், தலைவர் சொன்னதைப் பற்றியும், நான் வாயைத் திறக்காததைப் பற்றியும். கடைசியில் ஒரு சிரிப்பை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். பொட்டு வைத்துக் கெடுத்த கதைக்கு யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

அவர் சிரிக்கவில்லை. "தெரியும் சார்" என்றார். "நீங்க வைக்கும்போதே பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் வால்வைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார். "எப்படி சார் சொல்லுவேன்? நீங்க சாமி பேரச் சொல்லி வைக்கிய. நான் போயி அதத் தொடைங்கன்னு சொல்லணுமா? நீங்க ஒண்ணும் நெனைக்க மாட்டிய, அது எனக்குத் தெரியும். ஆனா ரோட்டுல நாலு பேரு நிக்கான். என் பேரென்னன்னு அவனுக்கும் தெரியும். எவனாவது வேற மாதிரி எடுத்துக்கிட்டான்னா? இப்ப காலம் அப்படி இருக்கு சார். சார்னு கூப்பிட்டேன், வாய் வரல. டீன்னு கேட்டுட்டேன்."

அவர் வால்வைத் துணியில் துடைத்தார்.

"காஞ்சு உதிர்ந்துரும்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழம காலைல இருந்து போனக் கையவிட்டுக் கீழ வைக்கல. மேடம் கூப்பிட்டப்ப, பக்கத்துல ஆளு இருப்பாங்கன்னு தூசின்னு சொன்னேன். தூசின்னா யாருக்கும் வருத்தம் இல்லல்லா."

தன் கடை அந்த மூடிக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு அங்கே உட்காரவே கூசியது. அந்த ஸ்டூலில் இருந்தபடியே போனை எடுத்து, குழுவின் வாட்ஸ்அப்பில் நடந்ததை எழுதினேன். தப்பு முழுக்க என்னுடையது, வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆங்கிலத்தில், ஒளிக்காமல். அவரிடம் படித்துக் காட்டினேன். "எதுக்கு சார் இதெல்லாம்" என்றார். அனுப்பிவிட்டேன். சில நிமிஷங்களில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. தலைவர் எழுதியிருந்தார்: அடடா, செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் பரவாயில்லை, நாங்கள் ஐந்து பேரும் நேற்று அந்தப் பெரிய கடையில் முன்பணம் கட்டிவிட்டோம், அடுத்த தடவை கட்டாயம் உங்கள் ஆளிடம்.

அதையும் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர் "சரி சார், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வால்வை மாட்டத் தொடங்கினார்.

மழை பிடித்த வாரம் அவர் ஐரோலி கம்பெனியில் சேர்ந்துவிட்டார். கடையை முழுக்க மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறார். என் மனைவி சில நாள் காலையில் அவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறாளாம், கழுத்தில் அட்டையோடு. "சார் நல்லாருக்காங்களான்னு கேட்டார்" என்று ஒருநாள் வந்து சொன்னாள். ஜீப்பில் அந்த டாங்கி இன்றுவரை ஒரு மூச்சுக்கூடக் கசியவில்லை. குழுவில் யாருடையதும் அதைப் போல் வேகமாக நிரப்புவதில்லை என்று தலைவரே ஒப்புக்கொள்கிறார்.

அவரிடம் எல்லாம் சொன்ன அந்த வியாழக்கிழமை தாராவியிலிருந்து என்னை அழைத்துப் போக மனைவி ஜீப்போடு வந்தாள். தாராவிக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். சயான் சிக்னலில் வண்டி நின்றது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டாள்.

"அன்னிக்கே அவர் சொல்லியிருந்தா, நீங்க தொடச்சிருப்பேளா?"

துடைத்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். துடைத்திருப்பேன்தான். ஆனால் எப்படித் துடைத்திருப்பேன் என்று யோசித்தேன். சிரித்துக்கொண்டா? அல்லது, இவர் யார் இதைச் சொல்ல என்று ஒரு நொடி முகம் மாறி, அதை அவர் பார்த்து, அதன்பின் துடைத்திருப்பேனா? அவர் பார்த்துப் பயந்தது அந்த நாலு பேரின் முகத்தை மட்டும்தானா?

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுத்தாள்.